பதினொரு மாத மழை

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘எட்டரை’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கறிகாய்க் கடையில் நான் நின்றால், “எட்டரை வீட்டம்மாவுக்கு முதல்ல போட்டு அனுப்புப்பா” என்பார்கள். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போகப் போக நானே போனில் “எட்டரை வீட்டிலிருந்து பேசறேன்” என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன்.

காரணம் மழைமானி. அவருடைய பரம்பரை வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதன் கொல்லையில், மரநிழல் விழாத இடமாகப் பார்த்து, வானிலைத் துறைக்காரர்கள் ஒரு மழைமானி நட்டிருந்தார்கள். மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குடுவை, அவ்வளவுதான். தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழை இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்துச் சைபர் போட வேண்டும். மாதக் கடைசியில் நகல் எடுத்துத் துறைக்கு அனுப்ப வேண்டும். இதைத் தொடங்கியவர் அவருடைய தாத்தா. பிறகு அப்பா எழுதினார். அப்பாவுக்குப் பின் இவர். துறை தானியங்கிக் கருவி வைத்து, இனி வேண்டாம் என்று சொல்லும்வரை மொத்தம் அறுபத்தெட்டு வருடம்.

காய்ச்சலில் கிடந்தாலும் போவார். சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போவார். எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்த மனுஷன், மணி எட்டேகால் என்று யாரோ சொன்னதும் திரும்பி ஓடினார். அதற்காக அவருக்கு நான் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “ஒரு நாள் பார்க்கலைன்னா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?” என்று கேட்டேன். “ஒரு நாள்லதான் ஆரம்பிக்கும்” என்றார். இது என்ன பதில் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வேலையும் அவருக்குத் தோதாகத்தான் அமைந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கடையின் பின்பக்கம், ஜன்னலை ஒட்டிச் சக்கரம். அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், இவர் லென்ஸின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்துத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பார். மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பார். முதலாளிக்கு வயிறெரியும். “இந்தக் கால் பாயிண்டெல்லாம் யாருக்குய்யா தெரியப் போகுது?” என்பார். “எனக்குத் தெரியுமே” என்பார் இவர். இப்படி ஒரு வேலைக்காரனை வைத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் முப்பத்தைந்து வருடம் அந்த முதலாளி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் வீட்டில் பட்டது அவருக்குத் தெரியும்.

ஒரு சின்னப் பொய்கூட வாயில் வராது. எனக்குப் பிடிக்காத யாராவது போன் செய்தால், “நான் இல்லைன்னு சொல்லுங்க” என்று சைகை காட்டுவேன். அவர் போனில், “இருக்கா. ஆனா பேச மாட்டேங்கறா” என்பார். எத்தனை பேரோடு எனக்கு மனஸ்தாபம் வந்தது என்று சொல்லி மாளாது.

ஆனால் என்னிடம் அவர் நடந்துகொண்ட விதத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். முப்பத்தாறு வருடத்தில் என்னை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. என் அப்பா அம்மாவைத் தன் அப்பா அம்மா போலப் பார்த்துக்கொண்டார். என் அப்பா அப்போது ஒரு கிடங்கில் காவலாளி. வருடத்துக்கு ஒருமுறை அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய், கண்ணாடியைத் தன் கையாலேயே தேய்த்து மாட்டிவிடுவார். அப்பா என்னிடம், “இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நான் என்ன செஞ்சேன்னு தெரியலைம்மா” என்பார். நான் பெருமையில் பூரித்துப் போவேன். இப்போது நினைத்தால் அந்தப் பூரிப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

அப்பா எப்படிக் காவலாளி ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நிலம் இருந்தது. எனக்குப் பதினெட்டு வயதாகும்போது ஒரு வருடம் முழுக்க மழை இல்லை. கிணற்றை இரண்டு முறை ஆழப்படுத்தினார், ஈர மண்தான் வந்தது. பக்கத்துப் பகுதிகளையெல்லாம் வறட்சி என்று அறிவித்து, கடன் வசூலை நிறுத்தி வைத்தார்கள், விதை கொடுத்தார்கள். எங்களுக்கு எதுவும் இல்லை. அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். உங்கள் பகுதியில் மழை வழக்கம்போல் பெய்திருக்கிறது, பதிவில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தோம். சாகும்வரை அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் அப்பா சொல்வார். “எங்க ஊர்ல பேய்ஞ்ச மழை எனக்கு மட்டும்தான் தெரியலையாம். நான் அந்த நேரம் பார்த்துத் தூங்கிட்டேன்போல.” சாப்பாட்டு நேரத்தில் சொல்வார், எல்லோரும் சிரிப்போம். இவர் மட்டும் சிரிக்க மாட்டார். மாமனார் பட்ட கஷ்டத்தை நினைத்து வருந்துகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் வீட்டுப் பிரச்சினை வந்தது. பரம்பரை வீட்டில் என் நாத்தனார் தனியாக இருந்தார். இவருக்கு அக்கா, நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், சம்பளத்தையெல்லாம் வீட்டுக்கு அனுப்பி, ஓய்வு பெற்றதும் அந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். எழுபது வயது. பார்வை பாதிக்குமேல் போய்விட்டது, லென்ஸால் சரிசெய்யக்கூடிய கோளாறு இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் மாடிப்படி ஏறுவார், சமைப்பார், பீரோவில் எந்தத் தட்டில் எந்தத் துணி என்று தடவாமலே எடுப்பார். “இந்த வீட்ல கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன். வேற வீட்ல கண்ணைத் திறந்துக்கிட்டே விழுவேன்” என்பார்.

வீட்டில் பாதிப் பங்கு இவருடைய சித்தப்பா மகனுக்கு. அவன் வெளிநாட்டில் இருக்கிறான். போன வருடம் போன் செய்து, விற்றுவிடலாம் என்றான். வாங்க ஆள் இருக்கிறது, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். “பெரியக்காவை நீ வெச்சுக்கோயேன்” என்று இவரிடம் ஒரு மேசையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். கோர்ட்டுக்குப் போனாலும் கடைசியில் விற்றுத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் நகராட்சியில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். வரலாற்று மதிப்புள்ள வீடுகளுக்குப் பாரம்பரியத் துறை ஒரு பலகை கொடுப்பது எனக்குத் தெரியும். பலகை பொருத்திவிட்டால் வீட்டை யாரும் இடிக்க முடியாது. இடிக்க முடியாத வீட்டை அடுக்குமாடிக்காரர்கள் எதற்கு வாங்கப் போகிறார்கள்? அக்கா நிம்மதியாக இருந்துகொள்ளலாம். விண்ணப்பம் வாங்கி வந்து வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி பார்வையிட வந்தார். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். சுவரைத் தட்டினார், ஓட்டைப் பார்த்தார், படிக்கட்டுக் கைப்பிடியைப் படம் எடுத்தார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

“கட்டடத்துக்குப் பலகை கிடைக்காதும்மா. இதே மாதிரி வீடு இந்தத் தெருவிலேயே ஆறு இருக்கு.”

அக்காவின் முகம் சுண்டிப் போனது. நான் அதிகாரியை அழைத்துப்போய்ச் சாமான் அறையைத் திறந்து காட்டினேன். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க மழைப் பதிவேடுகள், அறுபத்தெட்டு வருடம். அந்தப் பெண் அரை மணி நேரம் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார்.

“ஒரு நாள்கூட விடலையா?” என்று கேட்டார்.

“இவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது” என்று சொல்லி, மகள் பிறந்த கதையைச் சொன்னேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது போதும்மா. இடைவெளியில்லாத பதிவு, மூணு தலைமுறை. இதுக்காகவே பலகை கொடுக்கலாம். கடைசியா எழுதினவர் ஒரு உறுதிமொழி கொடுக்கணும். எல்லாம் நேர்ல பார்த்து எழுதினதுன்னு. அப்புறம், இந்தப் பதிவை அரசாங்கம் எதுக்காவது பயன்படுத்தியிருக்கான்னு ஒரு ஆதாரம் கிடைச்சா கமிட்டியில யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.”

அன்றைக்கு அக்கா மூன்று தடவை என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த உறுதிமொழியில் இவரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பேனா சரியில்லை என்பார், நாளைக்கு என்பார், வாசகத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்பார். “சொத்தையா எழுதிக் கேக்கறாங்க? ஒரு கையெழுத்துக்கு இந்தப் பாடா?” என்று சத்தம் போட்டுவிட்டு, நான் அந்த ஆதாரத்தைத் தேடி ஆவணக் காப்பகத்துக்கு அலையத் தொடங்கினேன்.

நான்காவது நாள் ஒரு அரசாங்கக் கடிதம் கிடைத்தது. பழுப்பேறிய தாள், தட்டச்சு எழுத்து. மேற்படி மழைமானி நிலையத்தின் பதிவின்படி மழை வழக்கமான அளவில் பெய்துள்ளதால், இந்நிலையத்துக்கு உட்பட்ட கிராமங்களை வறட்சிப் பட்டியலில் சேர்க்க இடமில்லை. கீழே கிராமங்களின் பெயர். ஐந்தாவது எங்கள் ஊர்.

அப்பா வாழ்நாளெல்லாம் சொல்லிச் சிரித்த தாள் இதுதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. மழை அப்படித்தானே, டவுனில் பெய்யும், எங்கள் வயலில் பெய்யாது என்று நினைத்தேன். வருத்தமாக இருந்தது. கூடவே, டைப்பிஸ்ட் புத்தி, இதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது என்றும் கணக்குப் போட்டது. நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசித்துக் காட்டினேன். வருடத்தையும் படித்தேன், ஊர்ப் பெயரையும் படித்தேன். “பார்த்தீங்களா, நம்ம ரெண்டு வீட்டுக்கும் அப்பவே சம்பந்தம் இருந்திருக்கு” என்று வேறு சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். “அந்த வருஷம் நான் மழைமானியைப் பார்க்கவே இல்ல” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் நிறுத்தாமல் சொன்னார். எத்தனையோ வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார்போல, தடுமாறவே இல்லை. அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போய், படுக்கையில் விழுந்தார். அம்மாவுக்கு அவரைப் பார்க்கவே நேரம் போதவில்லை. அக்கா வெளியூர் ஆஸ்பத்திரியில். இவருக்கு அப்போதுதான் வேறொரு ஊரில் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருந்தது. கடைக்கு மேலேயே தங்க ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். மாதக் கடைசி ஞாயிறன்று, போன வருடப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கே இரண்டு கூட்டி இங்கே மூன்று குறைத்து, ஒரு மாதத்தை ஒரே மூச்சில் எழுதிவிடுவார். அப்படிப் பதினொரு மாதம்.

“முதல் மாசம் எழுதறப்போ பயமா இருந்தது. ரெண்டாவது மாசம், ஊர்ல மழையே இல்லைன்னு காதுல விழுந்தது. ஆனா முதல் மாசம் மழைன்னு எழுதி அனுப்பிட்டேனே. திடீர்னு சைபர் போட்டா விசாரிக்க வருவாங்கன்னு நினைச்சேன். சும்மா கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்திருந்தா போதும். பாட்டில் காஞ்சு கிடந்திருக்கும். சைபர் போடறதுக்குக் குடுவைகூட வேண்டாம்.”

“மாமாவுக்குத் தெரியுமா?” என்றேன்.

“பதிவேட்டைக் காட்டச் சொல்லி அப்பா கையால கேப்பார். காட்டுவேன். படுத்த இடத்துல இருந்து அவருக்கு வானம் தெரியும். பக்கத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். கடைசித் தடவை, பார்த்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டார். அந்த வாரம் போய்ட்டார்.”

அதன் பிறகுதான் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, தினமும் எட்டரைக்குப் போய் நிற்க ஆரம்பித்திருக்கிறார். வறட்சிப் பட்டியல் சேதி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். என்னைப் பார்க்க வந்த அன்றைக்குத்தானாம். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா, படிப்பு என்ன என்று கேட்பார்கள். இந்த மனுஷன், நாங்கள் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் என்று தெரிந்ததும் என் அப்பாவிடம், “நிலத்தை எந்த வருஷம் வித்தீங்க?” என்று கேட்டார். அப்பா தன் வேடிக்கைக் கதையைச் சொன்னார். இவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, “எனக்குச் சம்மதம்” என்றார். கிறுக்குப் பிள்ளையாக இருக்கிறது, ஆனால் என்னைப் பிடித்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

“அப்போ என்னைப் பிடிச்சுக் கட்டிக்கல” என்றேன்.

பொய் சொல்லத் தெரியாத ஆள். “முதல்ல, இல்ல” என்றார்.

“அப்புறம்?”

“அப்புறம் எப்போ பிடிச்சுதுன்னு தெரியல. அதைத் தேதி போட்டு எழுதி வைக்கல.”

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பதிலுக்கு நான் உருகியிருப்பேன். அன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் அப்பாதான் நின்றார். காவலாளிச் சட்டை போட்டுக்கொண்டு, இவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு. முப்பத்தாறு வருடம் என்னைத் தாங்கிய தாங்கலெல்லாம் ஒரு நொடியில் எனக்குக் கசந்துபோனது. நான் அழவில்லை. உறுதிமொழித் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“இதுல உண்மையை எழுதுங்க.”

“எழுதினா பலகை கிடைக்காது. அக்கா எங்க போவா?”

“எங்கப்பா எங்க போனார்?”

அவர் மூன்று நாள் அவகாசம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதுகிறேன் என்று கெஞ்சினார். “சொன்னா அவங்க வேண்டாம்பாங்க. நீங்களும் சரின்னுடுவீங்க. எங்கப்பாவை ரெண்டாவது தடவை ஏமாத்துவீங்க” என்றேன். பேனாவை எடுத்து அவர் விரலுக்குள் நானே திணித்தேன். அவர் எழுதினார். இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம்வரை பதினொரு மாதம் நான் மழைமானியைப் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதினேன். கையெழுத்துப் போட்டார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், மறுநாள் காலையில், மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் ஆட்டோ பிடித்து.

நியாயத்துக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். நியாயமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் மிச்சமெல்லாம் ஆத்திரம். அவருக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கே அடித்தேன். அடி விழுந்த இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்ததை நான் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டேதான் அடித்தேன்.

முடிவைச் சொல்ல அந்தப் பெண் அதிகாரி நேரிலேயே வந்தார், பரம்பரை வீட்டுக்கு. தாளில் அனுப்ப மனசு வரவில்லை என்றார். கமிட்டி நிராகரித்துவிட்டது. பதிவேடுகளைத் துறை வாங்கி வைத்துக்கொள்ளும், பலகை கிடையாது. “சார் எழுதாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதும்மா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்காவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. இவர் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா சத்தம் போடுவார், தம்பியை நாலு கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அப்பா படுத்துக் கிடந்த அந்தப் பதினொரு மாசமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “நான் லீவு போட்டுட்டு வந்திருக்கணும். ஊர்ல இருக்கிற அப்பன்களையெல்லாம் பார்த்துக்கிட்டேன். என் அப்பாவை உன் தலையில கட்டிட்டேன். உனக்கு அப்போ என்ன வயசு?” என்றார்.

இவர் உடைந்து போனார். அக்கா அவர் தலையைத் தடவிக்கொண்டே, “இத்தனை வருஷம் கழிச்சு எழுதணும்னு ஏன்டா தோணுச்சு? யார் சொன்னா?” என்று கேட்டார். இவர் என்னைப் பார்க்கவில்லை.

“யாரும் சொல்லலக்கா. நானாத்தான்” என்றார். போனில்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுஷன் கண்ணிமைக்காமல் சொன்னார்.

வீடு இரண்டே மாதத்தில் கைமாறியது. இடிக்கிற அன்று அக்காவை அந்தப் பக்கம் போக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். இரண்டே அறை. முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். வந்த முதல் வாரம் குளியலறைப் படியில் தடுக்கி விழுந்தார், அடுத்த வாரம் அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் கட்டிலைவிட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. “நான் உங்களுக்கு இடைஞ்சலா இருக்கேன்” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்.

என் வீட்டுக்காரர் மாறிவிட்டார். காலையில் எட்டுமணிவரை தூங்குகிறார். ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எப்போது போயிற்று என்று கேட்டால் எனக்கும் தேதி தெரியாது. ஆனால் அந்த வீட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதே இல்லை. எப்போதாவது பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அவரே எழுந்து போய்விடுகிறார், எனக்காக.

அக்காவை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன், தலை வாரிவிடுகிறேன், பேப்பர் வாசித்துக் காட்டுகிறேன், அவர் முகம் கொஞ்சம் வாடினாலும் என்ன என்ன என்று நாலு தடவை கேட்கிறேன். இதில் பாசம் எவ்வளவு, குற்றவுணர்ச்சி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன் ஒரு நாள். என்னால் முடியவில்லை. என் வீட்டுக்காரராலும் முப்பத்தாறு வருடம் அது முடிந்திருக்காது. என்னைப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டாரா என்று அவரிடம் அன்றைக்கு நான் கேட்டிருக்கவே கூடாது.

பக்கத்து வீட்டுக்காரியிடம் அக்கா என்னைப் பற்றிப் பெருமையடிக்கிறார். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்கிறார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அவருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சாதாரணமாக, வேறு ஏதோ பேசுவதுபோலத்தான் கேட்டார்.

“அவன் அந்தத் தாளை எழுதறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ விட்டிருக்க மாட்டே. இல்லம்மா?”

நகவெட்டியைக் கீழே வைத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் இந்தக் கை என் கையைவிட்டுப் போய்விடும். இந்த வீட்டில் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

“ஆமாக்கா, தடுத்திருப்பேன்” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்று சொல்லி, அடுத்த விரலை நீட்டினார்.